நடுவில் வைத்த ஒரு டைல்

ஆட்டம் முடியப்போகிறது. ஆளுக்கு இருபது முறை, அதில் பதினெட்டு போய்விட்டது. ஆட்டக்காரர் ஒருவரின் முன்னால் அறுகோண அட்டைத் துண்டுகள் தேன்கூடு போல ஒட்டி ஒட்டிக் கிடக்கின்றன. இடப்பக்கம் நான்கு துண்டு அளவுக்குக் காடு. வலப்பக்கம் மூன்று துண்டு அளவுக்கு இன்னொரு காடு. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு துண்டு நுழையும் இடைவெளி. கையில் இருப்பதும் காட்டுத் துண்டுதான்.

அதைச் சிறிய காட்டின் வெளி ஓரத்தில் ஒட்டினால் ஒரு பாயின்ட்கூட வராது. பெரிய காட்டின் ஓரத்தில் ஒட்டினால் ஒன்று கூடும். நடுவில் செருகினால் நான்கு கூடும். துண்டு அதேதான். அதில் இருக்கும் மரங்களும் அதே அளவுதான். வைக்கும் இடம் மாறியதும் மதிப்பு எப்படி இவ்வளவு மாறுகிறது?

இந்த ஆட்டத்தின் பெயர் ‘கஸ்கேடியா’. அமெரிக்காவின் வாஷிங்டன், ஒரிகன் மாநிலங்களையும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவையும் சேர்த்து அந்த வட்டாரத்து மக்கள் வழங்கும் பெயர் அது. ராண்டி ஃபிளின் வடிவமைத்து, பெத் சோபெல் ஓவியம் தீட்டி, 2021இல் வெளிவந்தது. மேசை விளையாட்டுகளுக்கு ஜெர்மனியில் ஆண்டுதோறும் தரப்படும் பெரிய பரிசான ‘ஸ்பீல் டெஸ் யாரெஸ்’ 2022இல் இதற்குக் கிடைத்தது.

ஆடும் முறை எளிது. வீட்டுத் தரைக்கு டைல் பதிப்பதுபோல நிலப்பரப்பைப் பதித்துக்கொண்டே போக வேண்டும். மலை, காடு, புல்வெளி, சதுப்பு, ஆறு என ஐந்து வாழிடங்கள். கரடி, எல்க் மான், சால்மன் மீன், பருந்து, நரி என ஐந்து விலங்குகள், மரவில்லை வடிவில். மேசை நடுவில் நான்கு ஜோடிகள் விரித்திருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு டைலும் ஒரு வில்லையும். அதில் ஒரு ஜோடியை எடுத்து, டைலை ஒட்டி, வில்லையை அதற்கு இடம் தரும் ஏதாவதொரு டைல்மேல் வைக்க வேண்டும். பெரும்பாலான டைல்களில் பாதி ஒரு வாழிடம், பாதி இன்னொன்று. பக்கத்து டைலோடு பொருந்தியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காட்டை ஒட்டிச் சதுப்பை வைக்கலாம், ஆற்றை மலைமேல் முட்டவிடலாம். ஆனால் கடைசியில் கணக்கிடும்போது ஒவ்வொரு வாழிடத்திலும் விட்டுப்போகாமல் தொடரும் மிகப் பெரிய பரப்புக்கு மட்டுமே டைலுக்கு ஒன்று வீதம் பாயின்ட். சிதறிக் கிடப்பதற்கு எதுவும் இல்லை. விதிப்புத்தகம் இந்தத் தொடர் பரப்பை ‘வாழிட வழித்தடம்’ என்ற பொருளில் அழைக்கிறது. யானை வழித்தடம் என்று நாம் சொல்லும் அதே வழித்தடம்தான்.

‘லேண்ட்மார்க்ஸ்’ என்ற விரிவாக்கத் தொகுப்பு பின்னால் வந்தது. நால்வர் ஆடிய ஆட்டத்தை அது ஆறு பேர்வரை கொண்டுபோனது. அதைவிட முக்கியம், ஒரு வாழிடம் ஐந்து டைல்களுக்காவது தொடர்ந்து வளர்ந்த பிறகே அங்கே ஓர் அடையாளச் சின்னத்தை நாட்டி, பாயின்ட் சேர்க்கப் புதுவழி காட்டும் அட்டையை எடுக்கலாம் என்று அது வைத்த விதி. நான்கு வரை ஒன்றும் இல்லை, ஐந்தில் கதவு திறக்கிறது. இயற்கையிலும் இப்படிப்பட்ட கதவுகள் உண்டு. அவை எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்கக் கணித அறிஞர்கள் பல பத்தாண்டுகள் செலவிட்டிருக்கிறார்கள். அந்தத் துறைக்கு ஆங்கிலத்தில் பெர்கொலேஷன் என்று பெயர். தமிழில் ‘ஊடுகசிவு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

ஃபில்டர் காபி போடும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பொடி சற்றுக் கரகரப்பாக இருந்தால் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். பொடி மிக நைஸாகி, மேலே அழுத்தியும் விட்டால், ஊற்றிய வெந்நீர் ஊற்றிய இடத்திலேயே நிற்கும். பொடியின் நடுவே இடைவெளிகள் அப்போதும் இருக்கின்றன. ஆனால் ஓர் இடைவெளி அடுத்ததோடு சேரவில்லை. எத்தனை இடைவெளி இருக்கிறது என்பது ஒரு கேள்வி. மேலிருந்து அடிவரை அவை கைகோத்து நிற்கின்றனவா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டாவது கேள்வியைத்தான் ஊடுகசிவு கேட்கிறது.

கேள்வியை முதலில் எழுப்பியவருக்குக் காபி நினைவில் இல்லை, முகமூடிதான் இருந்தது. சைமன் பிராட்பென்ட் என்ற ஆங்கிலேயர் நிலக்கரி ஆராய்ச்சி நிறுவனமொன்றில் வேலை பார்த்துவந்தார். சுரங்கத் தொழிலாளர்கள் அணியும் நச்சுவாயு முகமூடிக்குள் கரித்துகள் இருக்கும். துகளின் நுண்துளைகளுக்குள் வாயு புகுந்தால்தான் கரி அதை ஈர்த்துப் பிடிக்கும். துளைகள் தாறுமாறானவை, சில திறந்தவை, சில அடைபட்டவை. எந்த அளவுக்குத் துளைகள் திறந்திருந்தால் வாயு ஆழம்வரை போகும்? 1954இல் லண்டன் ராயல் புள்ளியியல் கழகத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் அவர் இதை முன்வைத்தார். ஜான் ஹேமர்ஸ்லி என்ற கணித அறிஞர் அதைப் பற்றிக்கொண்டார். இருவரும் சேர்ந்து 1957இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு புதிய துறையே பிறந்தது.

அவர்கள் கண்டது வியப்பானது. திறந்த துளைகளின் விகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், வாயு போகும் ஆழமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி நடப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட விகிதம்வரை எல்லாம் சின்னச் சின்னத் தீவுகளாகவே இருக்கும். அந்த விகிதத்தைத் தாண்டியதும் தீவுகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே கண்டமாகிவிடும். அந்த எல்லையை ‘வாசல் விகிதம்’ எனலாம். வாசற்படிக்கு இந்தப்பக்கம் தெரு, அந்தப்பக்கம் வீடு. நடுவில் முக்கால் வீடு என்று ஒன்று கிடையாது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு நேர்ப்புள்ளியும் இடைப்புள்ளியும் தெரியும். நேர்ப்புள்ளியில் ஒரு புள்ளிக்கு மேலும் கீழும் இருபுறமுமாக நான்கு அண்டைப் புள்ளிகள். இடைப்புள்ளியில் அடுத்த வரிசை அரைப்படி தள்ளி நிற்பதால் ஒவ்வொரு புள்ளிக்கும் அண்டை ஆறு. ஒவ்வொரு புள்ளியும் ஓர் அறுகோண டைலின் நடு என்று எண்ணிக்கொண்டால், கஸ்கேடியா மேசை என்பது ஓர் இடைப்புள்ளிக் கோலம்தான்.

ஒரு தாளில் வரிசைக்குப் பதினொரு புள்ளியாகப் பதினொரு வரிசை, ஒவ்வொன்றையும் ஒரே பக்கமாக அரைப்படி தள்ளிப் போடுங்கள். சாய்ந்த கட்டம் ஒன்று கிடைக்கும். ஒரு தாயக்கட்டையை, எண் போட்ட கனசதுரக் கட்டையை, புள்ளிக்கு ஒருமுறை உருட்டுங்கள். ஒன்றோ இரண்டோ விழுந்தால் அந்தப் புள்ளிக்குப் பச்சை வண்ணம், மற்றவற்றுக்கு மஞ்சள். முடித்த பிறகு மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைவரை பச்சையிலேயே நடந்து போக முடிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியாது. விதியை மாற்றி, ஒன்று முதல் நான்குவரை விழுந்தால் பச்சை என்று வைத்துப் பாருங்கள். இப்போது பெரும்பாலும் வழி கிடைக்கும். ஒன்று முதல் மூன்றுவரை, அதாவது சரிபாதி என்றால்? பாதி ஆட்டங்களில் வழி உண்டு, பாதியில் இல்லை.

இடைப்புள்ளித் தளத்தில் வாசல் விகிதம் துல்லியமாகப் பாதி. இது தோராயக் கணக்கு அல்ல, நிரூபணமான உண்மை. ஏன் பாதி என்பதற்கான அழகான காரணம் இன்னொரு விளையாட்டில் ஒளிந்திருக்கிறது. ‘ஹெக்ஸ்’ என்ற அந்த ஆட்டத்தை 1942இல் டென்மார்க்கில் பீட் ஹைன் உருவாக்கினார். சில ஆண்டுகள் கழித்து, அதை அறியாமலே, பிரின்ஸ்டனில் ஜான் நாஷும் தானாகக் கண்டுபிடித்தார். அறுகோணக் கட்டங்கள் நிறைந்த பலகையில் ஒருவர் மேலிருந்து கீழ்வரை பாலம் கட்ட வேண்டும், மற்றவர் இடமிருந்து வலம்வரை. அந்த ஆட்டம் சமநிலையில் முடியவே முடியாது. பலகை நிறைந்ததும் இருவரில் ஒருவரின் பாலம் கட்டாயம் முடிந்திருக்கும், மற்றவருடையது கட்டாயம் அறுந்திருக்கும்.

காரணம், அறுகோணங்கள் சந்திக்கும் மூலை. அங்கே கூடுவது மூன்றே மூன்று கட்டங்கள். நிறமோ இரண்டு. மூன்றில் இரண்டு ஒரே நிறமாக இருந்துதான் ஆக வேண்டும், அவை இரண்டும் ஒரு விளிம்பை முழுதாகப் பகிர்ந்துகொண்டும் இருக்கும். ஆகவே பச்சையின் வழி அடைபட்டிருந்தால் அதை அடைத்தது மஞ்சளின் வழிதான். அடைப்பு என்பதே எதிர்த்தரப்பின் பாதை. இரு நிறமும் சரிபாதி வாய்ப்போடு விழும்போது யார் பக்கமும் சாய்வு இல்லை. அதனால் வாசலும் நடுவிலேயே நிற்கிறது.

சதுரக் கட்டங்களில் இந்த நியாயம் உடைந்துபோகும். சதுரங்கப் பலகையைப் பாருங்கள். ஒரு காய் யானையைப் போல மேல், கீழ், இடம், வலம் மட்டுமே நகரலாம், ஆனால் கறுப்புக் கட்டத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்றால் அது நின்ற இடத்திலேயே நிற்கும். வெள்ளையை விடாதே என்றாலும் அதே கதிதான். மூலையில் நான்கு கட்டங்கள் கூடுவதால் இரு நிறமும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு இரண்டுமே தோற்கின்றன. அதனால் சதுரத்தில் வழி கிடைக்கப் பாதி போதாது, சுமார் 59 விழுக்காடு வேண்டும். மூலைவிட்டமாகவும் நகரும் ராஜாவுக்கோ சுமார் 41 விழுக்காடு போதும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள், நூறு வரும். யானையின் வழி எங்கே அறுகிறதோ அங்கே எதிர்நிறத்து ராஜா புகுந்திருக்கிறார் என்பதுதான் அந்த நூறின் பொருள்.

இந்த 59 எப்படித் தெரிந்தது? கணினியில் கோடிக்கணக்கான முறை கட்டம் நிரப்பிப் பார்த்துத்தான். துல்லியமான மதிப்பு என்ன, அதற்குச் சூத்திரம் உண்டா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அறுகோணத்துக்குப் பாதி என்பதும் வெகுகாலம் வலுவான ஊகமாகவே இருந்தது. 1980இல் ஹாரி கெஸ்டன், சதுர வலையில் கட்டங்களுக்குப் பதில் கோடுகளைத் திறந்து மூடும் வகைக்கு வாசல் பாதி என்று நிரூபித்தார். அதே வழியில் அறுகோணத்துக்கும் நிரூபணம் வந்தது. வாசற்படியின் மேலேயே நிற்கும்போது அந்தப் பச்சைத் தீவுகள் எப்படி இருக்கும் என்ற இன்னும் கடினமான கேள்விக்கு 2001இல் ஸ்டானிஸ்லாவ் ஸ்மிர்னோவ் விடை கண்டார், அதுவும் இதே அறுகோணத் தளத்தில்தான். அந்தப் பணியைச் சிறப்பித்து 2010இல் அவருக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் வழங்கப்பட்டது. கணிதத்தின் ஆகப் பெரிய பரிசுகளில் ஒன்றான அது அந்த ஆண்டு வழங்கப்பட்ட இடம் நம் ஹைதராபாத்.

இந்தக் கணக்கோடு மறுபடி மேசைக்கு வரலாம். கஸ்கேடியா பெட்டியில் 85 டைல்கள். அவற்றில் 25 ஒரே வாழிடம் கொண்டவை, மீதி 60இல் இரண்டிரண்டு. மொத்தம் 145 வாழிடத் துண்டுகள், ஐந்தால் வகுத்தால் வாழிடத்துக்குச் சராசரியாக 29. அதாவது எந்த வாழிடத்தை எடுத்தாலும் அது ஏறத்தாழ 34 விழுக்காடு டைல்களில்தான் இருக்கிறது. பாதிக்கு வெகு கீழே. போதாக்குறைக்கு, இரட்டை டைலில் ஒரு வாழிடத்துக்குக் கிடைப்பது ஆறில் மூன்று விளிம்பு. டைல்களைக் கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் காடு எப்போதும் தீவு தீவாகத்தான் வரும். தொடர்ச்சி தற்செயலாகக் கிடைக்காது. ஆட்டக்காரர் டைலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இடம் தேடி வைத்தால்தான் கிடைக்கும். ஆட்டத்தின் சுவை முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பெட்டியில் ஒவ்வொரு வாழிடமும் முக்கால் பங்கு டைல்களில் இருந்திருந்தால், யார் வைத்தாலும் காடு சேர்ந்துவிடும், யோசிக்கவே வேலை இருக்காது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் தரும் மூன்றையும் சேர்த்து ஆட்டமுடிவில் ஒருவரிடம் இருப்பவை 23 டைல்கள்தான். வாசல் விகிதம் என்ற கூர்மையான எல்லை மிகப் பெரிய பரப்புகளுக்கு உரியது. சின்னப் பலகையில் அந்தப் படி தேய்ந்து சரிவாகிவிடும். ஆனால் பொருள் மாறுவதில்லை.

இதை நிலத்துக்குக் கொண்டுபோனவர்கள் சூழலியலாளர்கள். 1987இல் அமெரிக்காவின் ராபர்ட் கார்ட்னரும் உடன் ஆய்வாளர்களும் சதுரக் கட்டங்களில் காட்டைச் சீட்டுக் குலுக்கியதுபோல் தூவி வரைபடங்கள் உருவாக்கினார்கள். மலை இல்லை, ஆறு இல்லை, மனிதரும் இல்லை. வெறும் தற்செயல். இதை ‘நடுநிலை மாதிரி’ எனலாம். உண்மையான நிலம் இதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று அளந்தால், அந்த விலகலுக்குக் காரணம் தேடலாம். அந்த வரைபடங்களிலும் 59 விழுக்காட்டருகே காடு திடீரென்று உடைந்தது.

காட்டை வெட்டுகிறவர் கண்ணுக்கு இது தெரியாது. எண்பது விழுக்காடு எழுபதாகும்போது பத்துதான் போயிற்று என்று தோன்றும், விலங்குகளும் சுற்றிவளைத்துப் போய்க்கொண்டிருக்கும். அறுபதிலிருந்து ஐம்பதாகும்போதும் போவது அதே பத்துதான். ஆனால் இடையில் வாசற்படி கடந்துபோய்விட்டது. வெட்டிய மரங்களின் எண்ணிக்கை ஒன்றேதான், அறுந்த வழிகளின் எண்ணிக்கை ஒன்றல்ல.

எந்த விலங்குக்கு என்பதையும் கேட்க வேண்டும். தரையோடு தத்திப் போகும் தவளை, யானைக்காய் மாதிரி. அடுத்த கட்டம் ஒட்டியிருந்தால்தான் அதற்கு வழி. வெளியைத் தாண்டிப் பறக்கும் பருந்து ராஜாவையும் மிஞ்சியது, இரண்டு மூன்று கட்டம் தள்ளியிருக்கும் காடும் அதற்கு அண்டைதான். ஒரே நிலம் பருந்துக்குக் கண்டமாகவும் தவளைக்குத் தீவுக்கூட்டமாகவும் இருக்கலாம். ஆட்டத்தில் பருந்து வில்லைகளைத் தனித்தனியே தள்ளி வைத்தால்தான் பாயின்ட், கரடிக்கு ஜோடி, எல்க் மானுக்கு நேர்வரிசை என்று ஒவ்வொன்றுக்கும் தனிக்கணக்கு இருக்கிறது. அதைப் பார்க்கும்போது வடிவமைத்தவர் உயிரினங்களை மதித்திருக்கிறார் என்று சொல்லத் தோன்றுகிறது.

உண்மையான கஸ்கேடியாவிலும் நடுவில் வைத்த டைல் ஒன்று உண்டு. சியாட்டிலிலிருந்து கிழக்கே போகும் 90ஆம் எண் நெடுஞ்சாலை சினோகுவால்மி கணவாயில் கஸ்கேட் மலைத்தொடரைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. மலையின் வடகாடும் தென்காடும் சாலையால் பிரிந்து நின்றன. கணவாய்க்குக் கிழக்கே, கீச்சலஸ் ஏரியைத் தாண்டியதும், சாலைக்கு மேலே இரட்டை வளைவாகப் பாலம் கட்டி, அதன்மேல் மண் கொட்டி, செடி நட்டு, இருபுறமும் வேலி போட்டிருக்கிறார்கள். கீழே லாரிகள் ஓட, மேலே மான்களும் எல்க்குகளும் கயோட்டி நாய்களும் நடந்து போவதைத் தானியங்கிக் கேமராக்கள் படம் பிடித்திருக்கின்றன. பரப்பளவில் பார்த்தால் அந்தப் பாலம் ஒன்றுமே இல்லை. சேர்த்துவைத்த காட்டைப் பார்க்க வேண்டும்.

ஆறுகளின் கதை இதைவிடக் கொடியது. நிலத்தில் ஒரு வழி அடைத்தால் சுற்றிப் போகலாம். ஆற்றுக்குச் சுற்றுவழி கிடையாது, அது ஒற்றைக் கோடு. ஒற்றைக் கோட்டில் வாசல் விகிதம் நூற்றுக்கு நூறு. ஆற்றை நூறு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றும் திறந்திருக்க 99 விழுக்காடு வாய்ப்பு என்று வையுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நூறும் ஒருசேரத் திறந்திருக்கும் வாய்ப்போ வெறும் 37 விழுக்காடு. ஆட்டத்தில் ஒரு சால்மன் வில்லை இரண்டுக்குமேல் சால்மன்களைத் தொடக் கூடாது, கோவையாக நீள வேண்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கடலிலிருந்து பிறந்த ஓடைக்கு முட்டையிடத் திரும்பும் மீனுக்கு ஆறு அப்படித்தான் இருக்கிறது.

வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பத்தில் எல்வா என்றொரு ஆறு. மின்சாரத்துக்காக 1913இல் அதன் கழிமுகத்திலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டரில் ஓர் அணை எழுந்தது. மீன் ஏற வழி வைக்கவில்லை. 1927இல் ஆற்றின் மேற்பகுதியில் 64 மீட்டர் உயரமுள்ள கிளைன்ஸ் கேன்யன் அணை வந்தது. அணைகளுக்கு மேலே ஆறும் கிளையாறுகளுமாகச் சுமார் 110 கிலோமீட்டர் கெடாமல் இருந்தது, பெரும்பகுதி தேசியப் பூங்காவுக்குள். கூழாங்கல்லும் குளிர்ந்த நீரும் மர நிழலும் அப்படியே இருந்தன. கீழே ஒரு துண்டு அடைபட்டதால் அத்தனையும் மீனுக்கு இல்லாமல் போயிற்று. அந்த ஆற்றை நம்பி வாழ்ந்த லோயர் எல்வா கிளாலம் பழங்குடியினர் அணைகளை அகற்றச் சொல்லிப் பல ஆண்டுகள் போராடினார்கள்.

2011 செப்டம்பரில் இடிப்பு தொடங்கியது. கீழணை 2012 தொடக்கத்தில் போனது. அதே ஆண்டு கோடையில், அது நின்ற இடத்துக்கு மேலே, பூங்கா எல்லைக்குள் சினூக் சால்மன்கள் நீந்துவதைப் பார்த்தார்கள். மேலணை 2014இல் முழுதாக அகன்றது. ஆற்றில் மீன்கள் பெருகட்டும் என்று கிளாலம் மக்கள் தங்கள் தூண்டில்களை ஆண்டுக்கணக்கில் ஒதுக்கிவைத்துக் காத்திருந்தார்கள். 2023 இலையுதிர்காலத்தில், தடையில்லாமல் ஓடும் எல்வாவில், சடங்குக்கும் வீட்டு உணவுக்குமாக அவர்கள் மறுபடி கோஹோ சால்மன் பிடித்தார்கள்.